ரப்பர் வளையம் மாட்டிய போத்தல்

என்ஜின் என்று வந்துவிட்டால் ஷாருலைப் போலப் பத்தியம் பார்க்கிற ஆளைப் பினாங்குத் தீவு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீசியன். வேலை நேரம் போக அவனைப் பிடித்து ஆட்டுகிற ஒரே பைத்தியம், ரிமோட்டில் ஓடுகிற மாடல் கார். பேட்டரி கார் என்று யாராவது வாய்தவறிச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். உள்ளங்கையில் அடங்குகிற நிஜமான என்ஜின் வைத்த கார் அது. பிஸ்டன் உண்டு, கார்புரேட்டர் உண்டு, புகை உண்டு, காதைக் கிழிக்கிற சத்தமும் உண்டு. ஆனால் அது குடிப்பது பெட்ரோல் அல்ல. மெத்தனாலில் நைட்ரோவும் எண்ணெயும் கலந்து, ரோஸ் நிறச் சாயம் போட்டு விற்கிற தனிச் சரக்கு.

புது என்ஜின் வாங்கினால் எடுத்தவுடன் ஓட்டிவிடக் கூடாது. முதல் சில டேங்க் எண்ணெயை நின்ற இடத்திலேயே மெதுவாக உறுமவிட்டுத் தீர்க்க வேண்டும். ஒவ்வொரு டேங்க் முடிந்ததும் பிஸ்டன் கீழே நிற்கும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்து நன்றாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு முறுக்கினால் உள்ளே கீறல் விழும். இதையெல்லாம் ஷாருல் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் பார்ப்பது போலப் பார்த்தான். கண்ணுக்குக் கண்ணாடி மாட்டாமல் என்ஜின் பக்கம் குனிய மாட்டான். பக்கத்தில் தீயணைக்கும் சிலிண்டர் இல்லாமல் என்ஜினைக் கிளப்புகிற கயிற்றை இழுக்க மாட்டான். நாள் முடிவில் டேங்கைச் சொட்டு விடாமல் வடித்து, உள்ளே துருப்பிடிக்காமல் இருக்க இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, துணியில் சுற்றி வைப்பான்.

இத்தனை பத்தியம் பார்த்த மனுஷன் அந்த விஷத்தை எதில் ஊற்றி வைத்தான் தெரியுமா? ரோஸ் சிரப் போத்தலில்.

அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தான். ஜார்ஜ் டவுனில் மாமனார் அப்துல் ரஹீமின் நாசி கண்டார் சோற்றுக்கடைக்கு மேல்மாடியில்தான் அவனும் மனைவி நூருல் ஹுதாவும் குடியிருந்தார்கள். போன வருஷம் பின்சந்தில் இவன் என்ஜினைக் கிளப்பும்போது கொஞ்சம் எண்ணெய் சிந்தித் தீப்பற்றிக்கொண்டது. மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. கடையில் மேசை துடைக்கிற பிச்சைமுத்து அண்ணன் காயப்போட்டிருந்த துணி, தீயும் இல்லாமல் புகையும் இல்லாமல் தானாகச் சுருண்டு கருகியது. அதைப் பார்த்த மாமனார் நடுங்கிப்போய், "இந்த எண்ணெ டின்னு இனிமே என் வாசலத் தாண்டி உள்ள வரக்கூடாது" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். மண்டை ஓடு படம் போட்ட அந்த டின் மாக் மண்டினில் ஒரு கூட்டாளியின் பட்டறைக்குப் போய்விட்டது.

நோன்பு மாதம் வந்தது. வேலை விட்டதும் வெறும் வயிற்றோடு மாக் மண்டினுக்குச் சுற்றிக்கொண்டு யார் அலைவது? ஷாருலுக்குப் புது என்ஜினை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை. ஒரு சிரப் போத்தலில் கொஞ்சம் எண்ணெய் பிடித்துவந்து, கடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னே வைத்தான். அங்கே ஏற்கெனவே ஒரு சிரப் போத்தல் பாதி குறைந்து தூசி படாமல் நின்றது. தூசி படாமல் ஏன் நிற்கிறது என்று யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. இரண்டும் ஒரே ரகம், ஒரே நிறம், யார் கண்ணிலும் உறுத்தாது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டான். தனக்கு அடையாளம் தெரிய, தன் போத்தலின் கழுத்தில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டினான்.

அன்று சனிக்கிழமை. அரைநாள் வேலை முடிந்து வந்து, மாலை அசர் தொழுகைக்குப் போன மாமனார் பள்ளிவாசலில் சொற்பொழிவு கேட்டுக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து, வெயில் சாயச் சாமான் அறைக்குள் நுழைந்தான். மூட்டைக்குப் பின்னே ஒரு போத்தல்தான் நின்றது. ரப்பர் வளையம் மாட்டியது. மற்றதைக் காணோம். இருக்கிற போத்தலை எடுத்தான். மூடி லேசாகத்தான் திருகியிருந்தது, கையோடு வந்தது.

அவன் மூடியை அப்படி விடுகிறவன் அல்ல. மூடி சரியாக இல்லாவிட்டால் மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுவிடும். கை வலிக்க முறுக்கித்தான் வைப்பான். நேற்று ஒட்டுத்தாளில் இருந்த ரோஜாப் படத்தின் இதழ்வரை நின்ற எண்ணெய், இப்போது காம்புக்கு இறங்கியிருந்தது. மூட்டை மேல் ஒரு கண்ணாடிக் கிளாஸ் இருந்தது. பாதிக்குப் பாதி, பால் ஊற்றியது போல வெளுத்த ரோஸ் நிறத் தண்ணீர். விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு. மூக்கின் அருகே கொண்டுபோனான். சந்தேகமே இல்லை, அவனுடைய சரக்கின் வாடைதான்.

அந்த எண்ணெயில் தண்ணீர் சேர்ந்தால் வெளுத்துப்போகும். பார்க்கிறவர்களுக்கு அது ரோஸ் சிரப்பில் பால் கலந்த பாண்டுங். நோன்பு மாதத்தில் பினாங்கில் எந்த மேசையைப் பார்த்தாலும் அதுதானே இருக்கிறது. டின்னில் எழுதியிருந்தது அவனுக்கு மனப்பாடம்: விழுங்கினால் கண் பார்வை போகலாம், உயிர் போகலாம். குடித்தவுடன் ஒன்றும் தெரியாது, ஆள் நன்றாகத்தான் நடமாடுவார், பல மணி நேரம் கழித்துத்தான் கண் மங்கும், அப்போது வைத்தியம் பார்த்துப் பிரயோஜனம் இல்லாமல்கூடப் போகலாம் என்று பட்டறைக் கூட்டாளி ஒருமுறை சொன்னதும் இப்போது ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

முதலில் அவனுக்குத் தோன்றியது ஹுதாதான். அவள் அப்போது தெருவில் கூடுகிற ரமலான் பசாரில் கடையின் குளிர்பானப் பந்தலில் நின்று பாண்டுங் விற்றுக்கொண்டிருந்தாள். காணாமல் போன போத்தலோடு இதிலிருந்தும் கொஞ்சம் எடுத்துப் பெரிய அண்டாவில் ஊற்றியிருந்தால்? எத்தனை வீட்டுக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டு போயிருப்பார்கள்? நம்பரைத் தட்டினான். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். மூன்றாவது தடவைதான் எடுத்தாள். பின்னால் ஒரே கூச்சல்.

"என்ன மச்சான், கூட்டமா இருக்குலா. சீக்கிரம் சொல்லுங்க."

"சாமான் ரூம்ல அரிசி மூட்ட பின்னால இருந்து சிரப் எடுத்தியா?"

"இல்லையே. இங்க ஊத்துறது எல்லாம் புதுப் பெட்டி. அங்க இருந்து நேத்து காலி போத்தல்தான் கழுவ எடுத்தேன். ஏன்?"

"ஒண்ணும் இல்ல. சும்மா கேட்டேன்" என்று வைத்துவிட்டான். கோழை. அப்போதே எல்லாவற்றையும் சொல்லியிருந்தால் அடுத்து நடந்ததில் பாதி நடந்திருக்காது. அண்டாவில் விஷம் இல்லை என்ற நிம்மதியில் அவள் சொன்ன காலி போத்தலை அவன் காதில் வாங்கவே இல்லை.

நிம்மதியும் நிலைக்கவில்லை. அண்டாவில் இல்லை என்றால் யார் வயிற்றில்?

கிளாஸைப் பார்த்தான். ஒருவர் குடிக்கிற கிளாஸ். பட்டப்பகலில், மூட்டைக்குப் பின்னால், ஒளிந்து நின்று குடித்திருக்கிறார்கள். நோன்பு காலத்தில் ஒளிந்து குடித்தவன் தானாக முன்வந்து சொல்வானா? சொல்லாமல் இருந்தால் நாளைக் காலையில் அவனுக்குக் கண் இருக்குமா?

முதலில் கண்ணில் பட்டவர் பிச்சைமுத்து அண்ணன். பாத்திரம் கழுவுகிற இடத்தில் குந்தியிருந்தார். ஷாருல் அவர் தோளைப் பிடித்துக் கேட்டேவிட்டான். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, நா குடிச்சிருந்தா எதுக்கு ஒளிஞ்சு குடிக்கணும்? எனக்கு என்ன நோன்பா? மொதலாளியே மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக் குடுத்தாரு. நோன்பு புடிக்க வேண்டியவன்தான் ஒளிவான். அவனத் தேடு."

அதுதான் கணக்கு. கடையில் நோன்பு பிடிக்கிறவர்கள் மாமனார், கல்லாவில் உட்காரும் ஐமான், சமையல்கட்டில் இரண்டு பேர். மாமனாரைக் கணக்கிலேயே சேர்க்கத் தேவையில்லை. ஏழு வயதில் பிடிக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு நோன்பு விட்டதில்லை என்பது அவர் வருஷா வருஷம் எல்லோரிடமும் சொல்கிற பேச்சு. போன வாரம் ஐமான் படகுத்துறை ஜெட்டிப் பக்கம் ஒரு மரத்தடியில் நின்று ஐஸ் டீ குடித்ததை யாரோ பார்த்துச் சொல்லிவிட, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன் என்றுகூடப் பார்க்காமல் கடைக்கு நடுவே நிற்க வைத்து உரித்து எடுத்துவிட்டார் மனுஷன். அப்படியென்றால் இதுவும் ஐமானாகத்தான் இருக்கும் என்று ஷாருல் முடிவு கட்டினான்.

கல்லாவில் ஐமான் இல்லை. மாமனாரோடு பள்ளிவாசலுக்குப் போயிருந்தான். இரண்டு பேரும் திரும்பியபோது கடைக்குப் பின்னால் நீள மேசையில் நோன்புக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் பரப்பிவிட்டார்கள். நோன்பு திறக்கும் பாங்கு சொல்லக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மேசைக்கு நடுவில் ஒரு கூஜா பாண்டுங். ஷாருல் அதைக் கண்டதும் பாய்ந்து எடுத்து மோந்து பார்த்தான். வெறும் ரோஸ் வாசம்.

"என்ன மாப்ள, மோந்து பாத்தே நோன்ப தொறந்துருவீங்க போல இருக்கு" என்றார் மாமனார். எல்லோரும் சிரித்தார்கள்.

மாமனார் முன்னால் நின்றாலே ஷாருலுக்கு நாக்கு சுருண்டுகொள்ளும். வீட்டோடு மாப்பிள்ளை வேறு. எண்ணெய் உள்ளே வந்தது தெரிந்தால் என்ஜினையும் சேர்த்துச் சாக்கடையில் எறிவார். எறியட்டும். அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் தள்ளட்டும். யாரோ ஒருவன் கண் போவதைவிட அது பெரிதா என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லித் தைரியத்தைத் திரட்டி எழுந்து நின்றான்.

"மாமா, நா ஒரு தப்புப் பண்ணிட்டேன். என் ரிமோட் காடிக்கு ஊத்துற எண்ணெய சிரப் போத்தல்ல புடிச்சு அரிசி மூட்ட பின்னால வச்சிருந்தேன். இன்னிக்கு யாரோ அதக் குடிச்சிருக்காங்க. அது விஷம். கண்ணு போயிரும், உசுரும் போயிரும். இப்ப ஒண்ணும் தெரியாது. ராத்திரிக்கு மேலதான் தெரியும். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போனா காப்பாத்திரலாம். யாரா இருந்தாலும் சொல்லிருங்க. எதுக்குக் குடிச்சீங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

மாமனார் கத்துவார் என்று ஷாருல் காத்திருந்தான். அவர் கத்தவில்லை. கையிலிருந்த பேரீச்சம்பழத்தைத் தட்டில் வைத்தார்.

"எங்க வச்சிருந்தீங்க?"

"மூட்ட பின்னால மாமா. அங்க இன்னொரு பழைய போத்தலும் இருந்துச்சு, அது பக்கத்துல."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. மற்றவர்கள் கண்ணெல்லாம் ஐமான் பக்கம் திரும்பியது. அவன் முகம் செத்துவிட்டது.

"என்ன ஏன் பாக்குறீங்க? வல்லாஹி, அல்லா மேல சத்தியமா நா குடிக்கல."

"ஐமான், கோவிச்சுக்காத" என்று ஷாருல் அவன் கையைப் பிடித்தான். "உனக்குப் புள்ளைங்க இருக்கு. ஒரு முழுங்கு குடிச்சிருந்தாலும் சொல்லிருப்பா."

"அன்னிக்குக் குடிச்சேன், ஒத்துக்கிட்டேன். அதுக்காக நா சாவுற வரைக்கும் என்னையேதான் புடிப்பீங்களா?" ஐமானுக்குக் கண் கலங்கி, குரல் உடைந்தது. சமையல்கட்டுக்காரர் ஒருவர், "எதுக்கும் ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துரேன்" என்று சொல்ல, அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். அந்த நேரத்தில் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. யாருக்கும் சாப்பிட மனசில்லை. பழக்கத்தில் ஆளுக்கொரு பழத்தை வாயில் போட்டார்கள். மாமனார் மட்டும் தட்டைத் தொடாமல் எழுந்து மாடிப்படிக்குப் போனார். பாதிப் படியில் நின்று கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, கொஞ்சம் மேல வாங்க."

ஷாருல் பின்னாலேயே ஏறினான். வாங்கிக்கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்தான். அறைக்குள் போனதும் அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஐமான இனிமே ஒண்ணும் கேக்காதீங்க."

"கேட்டுத்தான் ஆகணும் மாமா. நேரம் போயிட்டே இருக்கு. அவன் உசுரு..."

"அவன் குடிக்கல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்துல் ரஹீம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். எழுபது வயது அவர் மேல் ஒரே நேரத்தில் வந்து விழுந்தது போல இருந்தது. ஷாருலைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

"அது என்னோட போத்தல்னு நெனச்சுட்டேன்."

ஷாருலுக்கு அது மண்டையில் ஏறவே கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே போனார். இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி முற்றி, ஊசி போட ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறதாம். டாக்டர் அப்போதே நோன்பு பிடிக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. உச்சி வெயிலில் சீனி இறங்கி உடம்பு வேர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். அதற்காகவே மூட்டைக்குப் பின்னால் ஒரு சிரப் போத்தல். ஒரு வாய் கலந்து குடித்துவிட்டு வந்து கடையில் உட்கார்ந்துகொள்வாராம்.

"நோய்க்காரனுக்கு நோன்பு கடமை இல்ல மாமா. மார்க்கமே சொல்லுதே."

"தெரியும்லா. மத்தவனுக்குன்னா நானே சொல்லுவேன்."

"எவ்ளோ குடிச்சீங்க?"

"ரெண்டு வெரக்கட ஊத்தித் தண்ணி கலந்தேன். பாலாட்டம் வெளுத்துச்சு. என்ன ஏதுன்னு பாக்கத் தெம்பு இல்ல. பாதி உள்ள போனப்பறந்தான் கசந்துச்சு, நாக்கெல்லாம் எண்ணெ. கெட்டுப்போன சிரப்புன்னு அப்படியே வச்சுட்டு, ரெண்டு பழத்தத் தின்னுட்டு வந்துட்டேன். மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொல்றதுக்கு முன்னாடி." அவர் நிறுத்தினார். "அப்பறம் தல சுத்துச்சு. சீனிதான்னு நெனச்சேன். கீழ அந்தப் பையன எல்லாரும் பாத்தீங்க பாருங்க, அப்பகூட எனக்கு வாயத் தொறக்க முடியல மாப்ள."

அரைக் கிளாஸ். லுஹருக்கு முன்பிருந்து இதுவரை எத்தனை மணி நேரம் என்று எண்ணப்போன ஷாருல், பயத்தில் எண்ணிக்கையை விட்டுவிட்டான். போத்தலையும் கிளாஸையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, அவரைப் பின்படி வழியாக இறக்கிக் காரில் ஏற்றினான். ஏறும்போது அவர் அவன் சட்டையைப் பிடித்தார்.

"ஹுதாவுக்குத் தெரிய வேணாம். வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லுங்க."

"சரி மாமா" என்றான். என்ன சொன்னாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பான்.

நோன்பு திறக்கிற நேரம். ஊரே மேசையில் உட்கார்ந்திருந்தது, ரோட்டில் ஈ காக்கை இல்லை. வழக்கமாக முட்டி மோதுகிற சந்திப்பெல்லாம் திறந்து கிடந்தும், அவனுக்கு வழி நீண்டுகொண்டே போவது போல இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கண் தெரிகிறதா? கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம்.

"மாமா, அந்த போர்ட்ல என்ன எழுதியிருக்கு?"

"ஃபார்மசி."

"அந்த பஸ் நம்பர்?"

சொன்னார். அடுத்த போர்டுக்குப் பதில் வரவில்லை. ஷாருல் பிரேக்கை மிதித்தேவிட்டான். திரும்பிப் பார்த்தால், அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. துஆ ஓதிக்கொண்டிருந்தார். "நீங்க ஓட்டுங்க" என்று கையைக் காட்டினார். ஹுதாவின் பெயர் போனில் மின்னி மின்னி அணைந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள், யாரும் தொடவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் டாக்டர் தனுஜா என்ற பெண் இருந்தாள். ஷாருல் பையை மேசையில் வைத்து, எண்ணெயில் என்னென்ன கலந்திருக்கிறது என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தான். அந்த டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இவ்வளவு தெரிந்தவன் இதைச் சிரப் போத்தலிலா வைத்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவனுக்கு ஆறியிருக்கும். அவள் கிழவரிடம் திரும்பினாள்.

"ஐயா, எத்தன மணிக்குக் குடிச்சீங்க? சரியா சொல்லுங்க, அத வச்சுத்தான் வைத்தியம்."

சுற்றிலும் ஆட்கள். இரத்தம் எடுக்க வந்த மலாய்த் தாதி தலையை மூடிய துடுங் துணியோடு நின்றாள். அடுத்த கட்டிலில் ஒரு ஹாஜியார் படுத்திருந்தார். அப்துல் ரஹீம் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

"பகல்ல" என்றார். "பகல் ஒரு மணி இருக்கும்."

யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாதி அதை எழுதிக்கொண்டு ஊசியைக் குத்தினாள். இரத்தம் சோதனைக்குப் போனது. டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஐயா, இந்த விஷத்துக்கு மாத்து மருந்தா இப்ப நா குடுக்கப்போறது ஆல்கஹால்தான். சாராயத்துல இருக்குற அதே சரக்கு. அது உள்ள போனா இந்த விஷம் கண்ணப் பாதிக்காம தடுத்து வைக்கும். அப்புறம் இரத்தத்தச் சுத்தம் பண்ணுவோம். உங்களுக்குச் சம்மதமா?"

ஷாருல் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தான். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனுஷன். அதுவும் ரமலானில்.

"உசுரக் காப்பாத்தத்தானே. குடுங்கம்மா" என்றார் அவர். கொடுத்ததை வாங்கி, முகத்தைச் சுளித்து, பிஸ்மில்லா சொல்லி விழுங்கினார். பிறகு ஷாருலிடம், "மாப்ள, வெரலக் காட்டுங்க" என்றார்.

ஷாருல் இரண்டு விரலைக் காட்டினான். "ரெண்டு" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடி காட்டச் சொன்னார். "நாலு." அதற்குப் பிறகு அதுவே இரண்டு பேருக்கும் வேலையாகிவிட்டது. ஒவ்வொரு தடவை கையைத் தூக்கும்போதும், அடுத்த பதில் தப்பாக வருமோ என்று ஷாருல் அவர் வாயையே பார்த்தான். புது என்ஜின் ஒவ்வொரு டேங்க் முடிந்து நிற்கும்போதும் கையை வைத்துச் சூடு பார்ப்பானே, அந்தப் பாழாய்ப்போன ஞாபகம் வேறு வந்தது. இனி அந்தச் சனியனைத் தொட்டால் கேள் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

திரை விலகியது. ஹுதா வந்து நின்றாள். பசாரில் கட்டியிருந்த ஏப்ரன்கூட இன்னும் இடுப்பில் இருந்தது, முன்பக்கமெல்லாம் ரோஸ் கறை. அவர்கள் பின்படியில் இறங்கியதைப் பார்த்த பிச்சைமுத்து அண்ணன் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்.

"ஹுதா, அத்தா வழுக்கி..." என்று ஷாருல் தொடங்கினான். அவள் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டான்.

"நீங்க பேசாதீங்க மச்சான். உங்களுக்கு வீட்டுல இருக்கு." அவள் தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹுதா" என்றார் அப்துல் ரஹீம். "நா நோன்பு இல்லம்மா. இன்னிக்கு மட்டும் இல்ல. ரெண்டு வருஷமாவே இல்ல."

"தெரியும் அத்தா."

"என்ன தெரியும்?"

"அந்தப் போத்தல் ரெண்டு வருஷமா தீராமலே இருந்துச்சே, யாரு ஊத்தி வச்சான்னு நெனச்சீங்க?" அவளுக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "காலியானா நாந்தான் கழுவி, புதுசு ஊத்தி, மறுபடி அங்கேயே வைப்பேன். நீங்க சொல்லாதப்ப நா எப்படிக் கேக்குறது? நேத்து கழுவ எடுத்தேன். பசார் வேலையில திருப்பி வைக்க மறந்துட்டேன் அத்தா. வச்சிருந்தா நீங்க அதத்தான் எடுத்திருப்பீங்க. நா மறந்துட்டேன்."

ஷாருலுக்கு போனில் கேட்ட காலி போத்தல் இப்போதுதான் காதில் விழுந்தது. மூன்று பேருமே ஒரே மூட்டைக்குப் பின்னால் ஒளித்திருக்கிறார்கள். அவள் சத்தமில்லாமல் அழுதாள். கிழவர் அவள் தலையைத் தடவினார். பிறகு, "ஐமானுக்கு போன் போட்டுக் குடும்மா" என்றார்.

"அப்பறம் பேசலாம் அத்தா. இப்பக் கண்ணு எப்படி இருக்கு?"

"மாப்ள, காட்டுங்க."

ஷாருல் கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினான். அவர் பார்த்தார். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். பதில் வரவில்லை.

"மாமா?"

"தெரியல" என்றார் அப்துல் ரஹீம். "கலங்கலா இருக்கு. வெரலே தெரியல."

ஷாருலின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. அவன் "டாக்டர்" என்று கூப்பிடத் திரைப் பக்கம் திரும்பினான். ஹுதா குனிந்து தகப்பன் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். தன் துடுங்கின் ஓரத்தை எடுத்து அவருடைய இரண்டு கண்ணையும் மெதுவாக ஒற்றி எடுத்தாள். துணி நனைந்துவிட்டது. வேறு ஓரத்தை எடுத்து இன்னொரு தடவை துடைத்தாள்.

"இப்பப் பாருங்க அத்தா."

அவர் பார்த்தார்.

"மூணு" என்றார்.